கப்பலில் வந்த இரண்டு இரும்புத் தட்டுகள்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து கப்பல் வழியாகக் கரவெட்டிக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என் தமக்கையின் மகன். இத்தகைய பெட்டிகளில் வழமையாக வரும் சொக்லேற், சவர்க்காரம், வீட்டில் எவருக்கும் அளவில்லாத குளிர்கால மேலங்கி ஆகியவற்றின் அடியில், பழைய துவாய்களால் சுற்றப்பட்ட இரண்டு இரும்புத் தட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து கிலோ. முகமெங்கும் வரிசையாகத் துளைகள். துளைகளுக்கிடையே வளைந்தோடும் பள்ளக் கோடுகள். கூடவே பாதி தேய்ந்த நான்கு பிறேக் பாட்டுகள். பெட்டியின் மேல் என் தம்பியின் மகனுடைய பெயர் எழுதப்பட்டிருந்தது.

காரின் முன்சில்லுகளுக்குள் சுழலும் பிறேக் டிஸ்குகள் அவை. விற்பனைப் பட்டியல்களில் ‘றோட்டர்’ என்று எழுதுவார்கள். எங்கள் கராஜ்களில் ‘டிஸ்க் பிளேட்’ என்றால்தான் விளங்கும். மருமகன் ஸ்காபரோவில் கணினித் துறையில் வேலை செய்பவர். கிழமை நாட்களில் அமைதியான மனிதர். கோடைகாலத்து வார இறுதிகளில் மட்டும் பழைய ஹொண்டா சிவிக் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெறும் கார்த்தரிப்பிடத்தில் செம்மஞ்சட் கூம்புகளை அடுக்கி நேரம் பார்த்து ஓடும் ‘ஓட்டோகுறொஸ்’ போட்டிகளுக்கும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை மொஸ்போட் பந்தயத் திடலுக்கும் போய்வருவார். தம்பியின் மகன் கரவெட்டியில் அதே தலைமுறைச் சிவிக் ஒன்றை வைத்திருக்கிறான். களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தை ஓடுபாதையில் ஒருநாளாவது அதை ஓட்டிவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. மச்சானும் மச்சானும் இரவிரவாகத் தொலைபேசியில் அளவெடுத்து, பொருந்தும் என்று உறுதிசெய்த பிறகே பெட்டி கப்பலேறியிருக்கிறது.

முப்பது வருடங்களாக அரசியலையும் இடப்பெயர்வையும் எழுதிப் பழகிய கை இது. இதனால் பிறேக் டிஸ்க்கைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் வீடு ஒரு மாதமாக இந்த இரண்டு தட்டுகளால் இரண்டுபட்டு நிற்கிறது என்பது ஒரு காரணம். அந்தத் தட்டுகள் அந்தக் காரில் ஏறக்கூடாது என்று முதலில் சொன்னவன் நான் என்பது மற்றது. அப்படிச் சொன்னதற்கான நியாயத்தை முழுமையாக எழுதிவிடுவது என் கடமை. வெளிநாடுகளில் இதே பொழுதுபோக்கில் இறங்கியிருக்கும் நம்மவர் பிள்ளைகள் சிலருக்கும் அது பயன்படலாம்.

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. எங்கள் வாகன அறிவின் பெரிய ஊனம் இதுதான். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை எத்தனை தடவை போய்வந்தாலும் பிறேக் உண்மையில் சூடேறும் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. என் தகப்பனார் நெல்லியடிச் சந்தியில் வாடகைக்கு ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காருக்கு நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிறேக்தான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. எஞ்சினைப் பற்றி எங்கள் மெக்கானிக்மார் அந்தக் காலத்தில் கற்றுக்கொண்டதை எந்தப் பொறியியற் பீடமும் கற்பித்திருக்காது. பிறேக்கைப் பற்றி அவ்வாறு கற்கவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. மிதித்தால் நின்றது; நிற்காவிட்டால் லைனர் மாற்றினார்கள்; எண்ணெய் குறைந்தால் ஊற்றினார்கள். கொடிகாமம் வீதியில் ஓடிய தட்டி வான்கள் நின்ற விதத்தைப் பார்த்தவர்களுக்கு, நிறுத்துவது வண்டியின் வேலையா சாரதியின் நேர்த்திக்கடனா என்ற ஐயம் வந்திருக்கும்.

எனக்குப் பாடம் கிடைத்தது 2011 இல். ஏ9 பாதை திறந்து, தெற்கே போய்வருவது சாதாரணமாகிவிட்ட காலம். குடும்பத்தோடு நுவரெலியா போய்விட்டு றம்பொடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். பழைய டொயோட்டா கார். புறப்படுவதற்கு முதல் ஊர்க் கராஜ் ஒன்றில் முழுமையாகப் பார்த்து, “ஒரு குறையுமில்லை, துணிஞ்சு போங்கோ” என்று அனுப்பியிருந்தார்கள். பதினைந்து வளைவுகள் வரை வழமைபோல் இருந்தது. அதற்கடுத்த வளைவில் பிறேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போனது. அடுத்த மிதிக்கு அடித்தட்டைத் தொட்டது. முதலாம் கியரும் கைப்பிறேக்கும் வீதியோரத்து மண்மேடும் சேர்ந்து எங்களைக் காப்பாற்றின. அரைமணி நேரம் தேயிலைச் சரிவில் பேச்சற்று உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப மிதித்துப் பார்த்தால், மிதி கல்லைப்போல் நின்றது. எந்தக் குறையும் இல்லாதது போல.

அந்த அரைமணி நேரத்தின் மர்மத்தைத் தேடித்தான் நான் இந்த விடயத்துக்குள் வந்தேன். பிறேக் எண்ணெய் என்று நாம் சொல்வது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ள திரவம். ‘டொட் 3’ என்ற தரத்துக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. ‘டொட் 4’ என்றால் 230 உம் 155 உம். ‘டொட் 5.1’ என்றால் 260 உம் 180 உம். என் காரில் இருந்த எண்ணெய் எத்தனை மாரியைக் கண்டதோ, எவருக்கும் தெரியாது. டிஸ்க்கின் சூடு பாட் வழியாக எண்ணெயை எட்டி, அது கொதித்து ஆவிக்குமிழியாகியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போயிருக்கிறது. ஆறியதும் குமிழி மீண்டும் திரவமாகிவிட்டது. எண்ணெய் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்த்த அந்தக் கராஜ்காரர் மேலே கொஞ்சம் ஊற்றியிருந்தார். மாற்றவேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கலைப்பட்டதாரி கணக்குப் போடுவதைப் பொறுத்தருள்க. பிறேக் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. சாரதியோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சிறிய காரை மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முற்றாக நிறுத்தும்போது வெளிப்படும் சக்தி, எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒன்றரை லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் பாதியானால் சூடு காற்பங்கு. 50 கிலோமீற்றரில் ஒரு பெரிய கோப்பைத் தண்ணீர்தான். வேகம் ஒன்றரை மடங்கானால், அதாவது 150 இல், மூன்று லீற்றருக்கும் மேல். வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் கணக்கு இது. வல்லை வெளியில் இரவில் ‘பறக்கும்’ பிள்ளைகளுக்கு இதையாவது யாரேனும் சொல்லிவைக்கலாம். முனியப்பருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவது நல்ல வழக்கம்தான். வர்க்க விதியில் அவரும் தலையிடுவதாகத் தெரியவில்லை.

முன்னால் எஞ்சின் உள்ள காரை அழுத்தி நிறுத்தும்போது அந்தச் சூட்டில் ஏறத்தாழ 70 வீதம் முன் டிஸ்குகள் இரண்டிலும் விழுகிறது. இரண்டும் சேர்ந்து பத்துக் கிலோ என்றால், 100 இலிருந்து ஒரு தடவை நிறுத்துவது அவற்றின் சூட்டைச் சுமார் 60 பாகை உயர்த்தும். ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை. பந்தயத் திடலில் ஒரு சுற்றுக்கு ஐந்தாறு தடவை, இருபது நிமிடம் தொடர்ந்து, ஆற இடைவெளியில்லாமல் மிதித்தால் அது 500 பாகையைத் தாண்டும். இருளில் பார்த்தால் டிஸ்க் செந்தணலாகத் தெரியும். டிஸ்க் என்பது சூட்டை வாங்கிவைத்து, சுழலும்போது காற்றுக்குக் கொடுக்கும் இரும்புச் சேமிப்பு. அதனால் அதன் எடைதான் அதன் வலிமை. இரண்டு முகங்களுக்கும் நடுவே காற்றோட்ட இடைவெளிவிட்டு வார்க்கப்பட்ட டிஸ்குகள் முன்சில்லுகளுக்கு வந்தது இதற்காகவே.

இந்த இடத்தில்தான் துளைகளின் கதை வருகிறது. துளையிட்ட டிஸ்க் என்றால் பந்தயக் கார் என்ற எண்ணம் எங்கள் பிள்ளைகளிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சரித்திர நியாயமும் உண்டு. பழைய காலத்துப் பாட்டுகளில் சேர்மானங்களைப் பிணைத்த பசை, கடுஞ்சூட்டில் வாயுவாக வெளியேறி, பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று வழுக்கியது. அந்த வாயு வெளியேற வழி தேடியும் எடையைக் குறைக்கவும் துளையிட்டார்கள். பெரும் பந்தய அணிகளுக்கு ஒரு போட்டியோடு டிஸ்க்கைத் தூக்கி எறியும் வசதி இருந்தது. இன்றைய பாட்டுகள் அவ்வளவு வாயுவை விடுவதில்லை. துளை மட்டும் அழகுக்காக எஞ்சிவிட்டது.

சாதாரணக் காருக்குச் சந்தையில் விற்கும் துளையிட்ட டிஸ்குகளில் பெரும்பாலானவை, வார்த்த தட்டை எடுத்துப் பின்னர் துரப்பணத்தால் துளைக்கப்பட்டவை. ஒவ்வொரு துளையின் விளிம்பும், சூடேறி விரிந்து ஆறிச் சுருங்கும்போது, இரும்பு முதலில் விட்டுக்கொடுக்கும் இடம். வெடிப்பு அங்கே தொடங்கும். பக்கத்துத் துளையைத் தேடி ஓடும். பிறகு விளிம்பைத் தேடும். விளிம்பை எட்டிய வெடிப்புள்ள டிஸ்க் எந்த மிதியிலும் பிளக்கலாம். பள்ளக் கோடு கீறிய டிஸ்க்கை நான் இந்த அளவுக்குக் குறைசொல்ல மாட்டேன். கோடுகள் பாட்டின் முகத்தை வழித்துத் துப்புரவாக வைத்திருக்கும். பதிலுக்குப் பாட்டைச் சற்று வேகமாகத் தின்னும். பந்தயத் திடலுக்கு அடிக்கடி போகிறவர் விரும்பினால் வாங்கலாம். துளையும் கோடும் சேர்ந்து வரும் ‘இரட்டைப் பயன்’ தட்டு இருக்கிறதே, அதில் கோட்டின் நன்மை சிறிதும் துளையின் தீமை முழுதும் உண்டு. மருமகன் அனுப்பியது அதுதான்.

பெட்டி திறந்த அன்று முற்றத்து வெயிலில் அவற்றைத் துடைத்துப் பார்த்தோம். ஒன்றில் மூன்று இடங்களில் துளையிலிருந்து துளைக்கு மயிரிழைக் கோடு. டிஸ்க்கின் முகத்தில் மெல்லிய வெப்பக் கீறல்கள் இருப்பது சாதாரணம். அவற்றைக் கண்டு பயப்படத் தேவையில்லை. நகத்தை இழுத்தால் நகம் சிக்கும் கோடு வேறு வகை. நான் இழுத்தேன், சிக்கியது. தம்பியின் மகனும் இழுத்துப் பார்த்தான்.

“பெரியப்பா, மச்சான் இதோட மூண்டு சீசன் ஓடினவர். ஒண்டும் நடக்கேல்லை.”

“அதாலதான் தம்பி சொல்லுறன். மூண்டு சீசன் ஓடின தட்டு.”

அவன் முகம் வாடிவிட்டது. விலை கொடுத்து வாங்கமுடியாத பொருள் வீடு தேடி வந்திருக்கிறது. கிழவன் வந்து நகத்தால் சுரண்டுகிறான் என்று நினைத்திருப்பான்.

அடுத்து, தடிப்பு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆகக்குறைந்த தடிப்பு எவ்வளவு என்று மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தவகைச் சிவிக் டிஸ்க் புதிதில் 21 மில்லிமீற்றர். 19 க்குக் கீழே போனால் கழித்துவிட வேண்டும். ஆக, அதன் வாழ்நாள் முழுவதும் இரண்டே மில்லிமீற்றர்தான். நெல்லியடியில் கடைசல் வேலை செய்யும் ஒருவரிடம் மைக்ரோமீற்றர் வாங்கி அளந்தோம். ஒன்று 19.4, மற்றது 19.1. சட்டப்படி இன்னும் உயிர் இருக்கிறது. ஆனால் தேய்ந்த டிஸ்க் இலேசான டிஸ்க். சூட்டைத் தாங்கும் இரும்பு குறைந்த டிஸ்க். நாளாந்தம் சந்தைக்குப் போய்வர அது போதுமென்றாலும், ஓடுபாதையின் முடிவில் ஓட அதைப் பூட்டலாகாது.

மருமகனைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. அவர் ஓடும் ஓட்டோகுறொஸ் போட்டியில் அந்த டிஸ்க் அவரை ஏமாற்றியிருக்காது. அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம் ‘சோலோ’ என்ற பெயரில் நடத்திவரும் அந்த வகைப் போட்டியில், ஒரு தடவைக்கு ஒரு கார்தான் ஓடும். ஓட்டம் ஒரு நிமிடம் வரைதான். வேகம் நெடுஞ்சாலை வேகத்துக்கு மேல் போவதில்லை. அடுத்த முறை வருவதற்குள் டிஸ்க் ஆறிக் குளிர்ந்துவிடும். அங்கே பிரச்சினை சூடு கூடுவதல்ல, குறைவதே. பந்தயப் பாட் குளிரில் கடிக்காது. ஆகவே கூம்புகளுக்கிடையே ஓடுகிறவர் கம்பனி கொடுத்த சாதாரண டிஸ்க்கையும் நல்ல வீதிப் பாட்டையும் வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தை ரயரில் போடட்டும். காரை நிறுத்துவது கடைசியில் ரயர்தான். ரயர் வழுக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு பெரிய டிஸ்க் இருந்தும் பயனில்லை. பெரிய டிஸ்க் முதல் மிதியில் சீக்கிரம் நிறுத்தும் என்பது தவறான எண்ணம். பத்தாவது மிதியும் முதல் மிதியைப்போல் இருக்கவே அது உதவுகிறது.

எங்கள் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு, நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம். அங்கும் ஒரு தடவைக்கு ஒரு கார், குறுகிய தூரம், மேல்நோக்கிய ஓட்டம். மலையே பாதிப் பிறேக். ஓட்டம் முடிந்து வீட்டுக்கு இறங்கும்போதுதான் பிறேக்குக்குப் பரீட்சை என்பதை றம்பொடையில் நான் படித்திருக்கிறேன்.

ஓடுபாதை அப்படியல்ல. கட்டுக்குருந்தை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு பாவித்த தளம். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பல தசாப்தங்கள் பந்தயம் நடந்ததும் அதே போர்க்கால ஓடுபாதையில்தான். இருங்காட்டுக்கோட்டைத் திடல் திறந்தது 1990 இல். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் விமானப்படை கைவிட்ட நிலமே. போர் முடிந்த நாடுகள் தமது ஓடுபாதைகளை இப்படிப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்தன. எங்கள் பக்கத்து ஓடுபாதைகளின் கதை வேறு. அதை இன்னொரு பத்தியில் எழுதவேண்டும். இங்கு சொல்ல வந்தது, ஓடுபாதையில் நீண்ட நேர்கோட்டின் முடிவில் உச்ச வேகத்திலிருந்து ஒரேயடியாக இறங்கவேண்டும் என்பதே. சூட்டுக் கணக்கில் ஆகக் கொடிய மிதி அதுதான்.

டிஸ்க் பிறேக்கின் பெருமை உலகுக்குத் தெரியவந்ததும் அத்தகைய நேர்கோட்டின் முடிவிலேயே. லான்செஸ்ரர் 1902 இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும் அரை நூற்றாண்டு எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1953 இல் லு மான் இருபத்துநான்கு மணிநேரப் போட்டியில் ஜாகுவார் கார்கள் டன்லொப் டிஸ்குகளோடு வந்து வென்றன. மற்றவர்கள் பிறேக்கை ஆறவிட முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தபோது, அவர்கள் பின்னும் சிறிது தூரம் முழு வேகத்தில் போகமுடிந்தது. டிஸ்குகள் துளையிடப்படாத வெறும் தட்டுகள்.

தம்பியின் மகனுக்கு நான் சொன்ன ஒழுங்கு இதுதான். முதலில் எண்ணெய்: பழையதை முற்றாக வெளியேற்றி, புதிதாகத் திறந்த நல்ல டொட் 4 ஐ ஊற்றி, காற்றெடுத்து, போட்டிக்கு முதல் வாரம் மறுபடியும் மாற்றுவது. எங்கள் கடற்காற்றில் திறந்துவைத்த போத்தலை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்கக்கூடாது. அதற்கடுத்தது பாட். திடலுக்குத் தாங்கும் நடுத்தர வகை வேண்டும். மச்சான் அனுப்பிய கடும் பந்தயப் பாட் கரவெட்டியிலிருந்து நெல்லியடிக்குப் போகும் குளிர்ந்த காலையில் மரக்கட்டைபோல் நிற்கும், குறுக்கே வரும் சைக்கிள்காரர் அதன் பலனை அனுபவிப்பார். அதன் பிறகே டிஸ்க். துளையில்லாத, கோடில்லாத, காற்றோட்ட இடைவெளியுள்ள, பெயர் தெரிந்த கம்பனியின் வெறும் வார்ப்பிரும்புத் தட்டு. இரண்டும் சோடியாக, புதிதாக. வெடித்தால் வருத்தமில்லாமல் கழித்துவிட்டு அடுத்த சோடி வாங்கக்கூடிய விலையில்.

பூட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். டிஸ்க் உட்காரும் முகத்தில் துருவை விட்டுவிட்டு மேலே பூட்டினால் புதுத் தட்டும் ஆடும். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை சுரண்டவேண்டும். பூட்டியபின் வெறிச்சோடிய வீதியில் 80 இலிருந்து 15 வரை, முற்றாக நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை படிப்படியாக அழுத்தி, பிறகு பிறேக் தொடாமல் ஓட்டி ஆறவிடவேண்டும். பாட்டின் மெல்லிய படலம் தட்டில் சீராகப் படிவதற்காக இது. சூடான தட்டோடு மிதியை அழுத்தியபடி நின்றால் பாட்டின் அச்சு ஓரிடத்தில் பதிந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்ரியறிங் நடுங்கும். ‘டிஸ்க் வளைஞ்சு போச்சு’ என்று கராஜில் சொல்வது பெரும்பாலும் வளைவில்லை, இந்த அச்சுத்தான்.

பெயர் தெரிந்த கம்பனி என்று எழுதுவது எளிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் இருபது, இருபத்தைந்து வயதுக் கார்களை எப்படியாவது ஓடவைக்கவேண்டிய கட்டாயம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடினால் எல்லாமே கிடைக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரும் உள்ளேயிருக்கும் இரும்பும் உறவுதானா என்று மட்டும் கேட்கக்கூடாது. நான் அங்கே ஒரு தடவை வாங்கிய ‘ஜப்பான்’ டிஸ்க்கில் ஆகக்குறைந்த தடிப்பு எங்கும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. விற்றவரிடம் கேட்டபோது, “உங்களுக்கு எழுத்து வேணுமா, பிறேக் வேணுமா?” என்றார். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. பொறித்த எழுத்தில்லாத தட்டை வாங்கவேண்டாம் என்று இன்று எவர் கேட்டாலும் சொல்வேன்.

இவ்வளவும் பொழுதுபோக்குத்தானே, உயிர் போனால் ஓட்டுகிறவனுடைய உயிர்தானே என்று ஒரு நண்பர் வாதிட்டார். 2024 ஏப்ரல் 21 ஆந் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் தடத்தைவிட்டு விலகிய கார் பார்வையாளரிடையே பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள்; எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களில் அடக்கம். அந்த விபத்தைப் பிறேக்கின் கணக்கில் எழுத நான் வரவில்லை. நிற்கவேண்டிய இடத்தில் நிற்காத கார் எங்கே போய் நிற்கும் என்பதை அது காட்டியது. 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சி ஓட்டத்தின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்ற காட்சியை உலகத் தமிழரில் பாதிப்பேர் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பார்கள். பிறேக் கோளாறே காரணமெனச் செய்திகள் வெளியாகின. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். அவரைச் சுற்றி முறையான கூடும், அதற்கப்பால் முறையான தடுப்பும் இருந்தன. கரவெட்டிச் சிவிக்கில் அவற்றில் எதுவுமில்லை.

எனக்குச் சங்கடமான பகுதி இனிமேல்தான். புலம்பெயர்ந்த உறவுகள் தாம் பாவித்ததை ஊருக்கு அனுப்புவது எங்கள் குடும்பங்களில் அன்பின் மொழி. மருமகன் அந்தத் தட்டுகளைக் குப்பையில் போட்டிருக்கலாம். கழுவி, எண்ணெய் பூசி, துவாயில் சுற்றி, கப்பற்கூலி கட்டி அனுப்பியிருக்கிறார். அங்கே அவருக்குக் காலாவதியானது இங்கே ஒருவனுக்குக் கனவு என்று அவருக்குத் தெரியும். மேலங்கியையும் மடிக்கணினியையும் இப்படி ஏற்கலாம். மடிக்கணினி நின்றுபோனால் அடித்துத் திறக்கலாம். பிறேக், ரயர், இருக்கைப்பட்டி, தலைக்கவசம் ஆகிய நான்கையும் எவருடைய அன்பின் பெயராலும் பாவித்த நிலையில் வாங்கக்கூடாது. அவற்றின் பழைய வாழ்க்கை கண்ணுக்குத் தெரியாது. அதை மருமகனிடம் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு, “மாமா, நீங்கள் எப்ப இருந்து மெக்கானிக்?” என்றார். தமக்கை அடுத்த நாள் எடுத்து, “அவன் ஆசையா அனுப்பினதை இப்பிடிச் சொல்லிப்போட்டாய்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் சொன்ன விதத்தில் கொஞ்சம் பத்திரிகைக்காரத்தனம் இருந்திருக்கலாம்.

இருந்தும் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. புது டிஸ்குகள் இரண்டுக்கும் பாட்டுக்குமான பணத்தில் பாதியை நான் தருவதாகச் சொன்னேன். மீதியைத் தம்பியின் மகன் தன் சம்பளத்தில் சேர்த்தான். இரண்டு வாரங்களுக்கு முன் பூட்டினோம். கடைசல்காரரின் தம்பிதான் வேலை செய்தவர். துருவைச் சுரண்டச் சொல்லி நான் பக்கத்தில் குந்தியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவுமில்லை. விடியற்காலையில் பத்துத் தடவை மிதித்துப் படியவைக்கப் போனோம். ஏழாவது தடவையில் கருகிய மணம் வந்தது. புதுப் பாட்டுக்கு அது இயல்பு என்று தெரிந்திருந்தும் எனக்கு றம்பொடைத் தேயிலைச் சரிவு நினைவுக்கு வந்தது.

கட்டுக்குருந்தைக்கு எப்போது போவான் என்று இன்னும் முடிவாகவில்லை. தம்பியின் மனைவிக்கு அதில் துளியும் விருப்பமில்லை. புது டிஸ்க் வாங்கக் காசு கொடுத்து நான்தான் அவனைத் தூண்டிவிட்டேன் என்பது அவருடைய குற்றச்சாட்டு. கப்பலில் வந்த தட்டுகள் எங்கள் கிணற்றடியில், நீர்ப்பம்பியின் மேல் போர்த்திய படங்கு காற்றில் பறக்காமல் பாரமாகக் கிடக்கின்றன. துளைகளுக்குள் ஏற்கெனவே துரு பிடித்துவிட்டது. அவற்றுக்கான கப்பற்கூலியை மருமகனுக்குத் திருப்பிக் கொடுப்பதா, கொடுத்தால் அதையும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வாரா என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.